கிருமியும் சாக வேண்டும், செல்லும் பிழைக்க வேண்டும்

முதல் உலகப் போரின்போது பிரான்சின் பூலோன் துறைமுகத்தில் ஒரு சூதாட்ட விடுதி ராணுவ மருத்துவமனையாக மாறியிருந்தது. அங்கே ஆல்ம்ரோத் ரைட் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் கீழ் வேலை பார்த்தவர் அலெக்சாண்டர் ஃபிளெமிங். பெனிசிலினால் உலகம் அவரை அறிய இன்னும் பத்தாண்டுக்கு மேல் இருந்தது. போர்முனையிலிருந்து வந்த காயங்களில் மண்ணும் சாணமும் சீருடைத் துணியின் கிழிசலும் ஆழப் புதைந்திருந்தன. கார்பாலிக் அமிலம் முதலாகக் கைக்குக் கிடைத்த கிருமிநாசினிகளை எல்லாம் மருத்துவர்கள் காயத்தில் ஊற்றிப் பார்த்தார்கள். அப்படியும் சீழ் பிடித்தது. வீரர்கள் மாண்டார்கள்.

ஃபிளெமிங் ஒரு சோதனைக் குழாயைத் தீயில் காட்டி, அதன் சுவரை அங்கங்கே வெளிப்பக்கமாக இழுத்து முள் முள்ளாக ஆக்கினார். குண்டு கிழித்த காயத்துக்கு அது கண்ணாடியில் செய்த ஒரு மாதிரி வடிவம். கிருமி கலந்த நீர்மத்தை நிரப்பிக் கொட்டினார். கிருமிநாசினியை நிரப்பி நெடுநேரம் வைத்திருந்து அதையும் கொட்டினார். பிறகு கிருமிக்குத் தீனியாகும் சுத்தமான குழம்பை ஊற்றிவைத்தார். மறுநாள் கிருமிகள் மறுபடி பெருகியிருந்தன. முட்களின் நுனிக்குள் மருந்து எட்டவே இல்லை. அதைவிடச் சங்கடமான இன்னொன்றையும் அவர் கண்டார். காயத்தில் கிருமியோடு போராடிக்கொண்டிருந்த ரத்த வெள்ளையணுக்களை அந்த மருந்துகள் கிருமிகளுக்கு முன்பாகவே கொன்றுவிட்டன.

எட்ட வேண்டிய இடத்தை எட்டாமை, தொடக் கூடாததைத் தொட்டுவிடுதல் ஆகிய இந்த இரண்டு குறைகளும் பல் மருத்துவத்தில் நூறு ஆண்டாகத் தொடர்ந்து வருகின்றன. பல்லின் வேர் என்பது இயற்கை செய்துவைத்த ஃபிளெமிங் குழாய். நடுவே ஓடும் கால்வாயிலிருந்து கிளைகள் பிரிகின்றன, சில இடங்களில் மீண்டும் இணைகின்றன. சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான பற்களுக்குள் ரப்பரை நிரப்பி வார்ப்பு எடுத்தபோது, நேரான ஒற்றைக் குழாய் என்று எண்ணியிருந்தவர்களுக்கு அது அதிர்ச்சி. போதாததற்குக் கால்வாயின் சுவரான டென்டின் முழுக்க நுண்துளைகள். பல்லின் நடுவே உள்ள மென்திசுவான பற்கூழின் பக்கம் ஒரு சதுர மில்லிமீட்டரில் சுமார் 45,000 துளைகள் இருக்கும். ஒவ்வொன்றும் பாக்டீரியா நுழையப் போதுமான அகலம்.

இதற்குள் எதை ஊற்றுவது?

பழைய காலத்தின் பதில் கொடூரமானது. 1904இல் அமெரிக்காவின் பக்லி அறிமுகப்படுத்திய ஃபார்மோகிரெசால், ஃபார்மால்டிஹைடும் கிரெசாலும் சேர்ந்த கலவை. உடற்கூறு அறையில் பிணத்தைப் பதப்படுத்தும் அதே ரசாயனத்தால் பற்கூழையும் பதப்படுத்திவிடுவதுதான் திட்டம். செத்த திசு அழுகாமல் இருந்தால் போதும் என்ற கணக்கு. குழந்தைகளின் பால்பற்களில் இது பல தலைமுறைக்கு ஓடியது. 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை ஃபார்மால்டிஹைடை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திய பிறகுதான் பலர் அந்தச் சீசாவை அலமாரியிலிருந்து எடுத்தார்கள்.

நல்ல பதிலின் தொடக்கம் போர்க்களத்திலேயே கிடைத்திருந்தது. ஹென்றி டேக்கின் என்ற ஆங்கிலேய வேதியியலாளரும், 1912இல் நோபல் பெற்ற அறுவை மருத்துவர் அலெக்சி கேரலும் பாரிசுக்கு வடக்கே கோம்பியேன் நகர மருத்துவமனையில் சேர்ந்து வேலை செய்தார்கள். டேக்கின் வரிசையாகப் பல பொருள்களைச் சோதித்து, கடைசியில் பழைய சரக்கான சோடியம் ஹைப்போகுளோரைட்டிடம் வந்து நின்றார். துணி வெளுக்கும் நீர்தான் அது. அதன் காரத்தன்மையைப் போரிக் அமிலத்தால் தணித்து, வெறும் அரை சதவீத அளவுக்கு நீர்க்கச் செய்தார். அந்த அளவில் காயத்தின் கிருமி செத்தது, சதை பெரிதாகச் சேதப்படவில்லை. ஆனால் ரத்தமும் சீழும் பட்டதும் கரைசல் சீக்கிரமே வலுவிழந்துவிடும். அதனால் கேரல் காயத்துக்குள் மெல்லிய ரப்பர் குழாய்களைச் செருகி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புதுக் கரைசல் பாயும்படி செய்தார். மென்மையான மருந்து, திரும்பத் திரும்பப் புதிதாக என்பதுதான் அவர்களது முறையின் உயிர்.

இதே பொருளை நம் உடலும் தயாரிக்கிறது. வெள்ளையணுக்கள் தாம் விழுங்கிய கிருமியைக் கொல்வதற்கு ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகின்றன. ஒரு நுண்ணறைக்குள், தேவையான நொடியில், தேவையான துளி. அந்தக் கட்டுப்பாடு எந்தச் சிரிஞ்சுக்கும் வராது.

பல்லுக்கு ஹைப்போகுளோரைட் 1930களில் வந்தது. 1936இல் வாக்கரும், 1941இல் கிராஸ்மனும் அமெரிக்காவில் அதை வேர்க்கால்வாய்க்குப் பரிந்துரைத்தார்கள். கிருமியைக் கொல்வதோடு செத்த பற்கூழைக் கரைக்கவும் செய்யும் என்பது அதன் தனித்தன்மை. கருவியின் நுனி எட்டாத கிளைக்குள் கிடக்கும் அழுகலை வேறு எந்தக் கழுவுநீரும் இப்படிக் கரைப்பதில்லை. ஆனால் வழியில் டேக்கினின் அரை சதவீதம் மறந்துபோனது. பல அமெரிக்க கிளினிக்குகளில் 5.25 சதவீதம் பழக்கமாயிற்று. அந்த எண் ஆய்விலிருந்து வந்ததைவிடக் கடையிலிருந்து வந்தது என்பதே பொருந்தும். அங்கே வீட்டு உபயோக வெளுப்பு நீர் அந்தச் செறிவில்தான் விற்றது.

அதிகச் செறிவால் கூடுதல் பலன் உண்டா? சுவீடனின் உமேயோ பல்கலைக்கழகத்தில் பீஸ்ட்ரோமும் சுண்ட்குவிஸ்டும் 1980களில் அரை சதவீதத்தையும் 5 சதவீதத்தையும் நோயாளிகளின் பற்களிலேயே ஒப்பிட்டார்கள். கிருமியைக் குறைப்பதில் பெரிய வேறுபாடு தெரியவில்லை. 2019இல் ஹரியானாவின் ரோத்தக்கிலிருந்து வெளிவந்த சோதனை 1 சதவீதத்தையும் 5 சதவீதத்தையும் எதிரெதிரே வைத்தது. ஓராண்டு கழித்து வேர்நுனிப் புண் ஆறிய விகிதத்தில் புள்ளியியல் கணக்குப்படி குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. செத்த திசுவைக் கரைக்கும் வேகத்தில் செறிந்த கரைசல் நிச்சயம் முந்தும். அதனால்தான் மருத்துவர்களிடையே இந்த வாதம் இன்னும் ஓயவில்லை.

வயது வந்தவரின் வேர் சிகிச்சையில் இந்த வாதத்துக்கு ஓர் எல்லை உண்டு. உள்ளே காப்பாற்ற வேண்டிய உயிர்த் திசு எதுவும் மிச்சமில்லை, வேர்நுனித் துளையும் ஊசிமுனை அளவுதான். மருந்து கால்வாய்க்குள் இருக்கும்வரை ஆபத்து குறைவு. வேர்நுனியைத் தாண்டி வெளியே பீறிட்டால்தான் கதை மாறும். சுரீரென்ற வலி, நிமிடங்களில் வீங்கும் கன்னம், மறுநாள் முகத்தில் ரத்தக்கட்டு. ஆகவேதான் இந்த ஊசிகளுக்கு நுனியில் துளை வைக்காமல் பக்கவாட்டில் வைக்கிறார்கள். ஊசி கால்வாயில் இறுகாமல் தளர்வாக இருக்க வேண்டும், மெதுவாக அழுத்த வேண்டும் என்பது மாணவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

எட்டு வயதுக் குழந்தை விளையாட்டில் கீழே விழுந்து முன்பல் அடிபட்டு வந்தால் இந்தக் கணக்கு செல்லாது.

மேல் முன்பல் ஏழெட்டு வயதில் முளைக்கிறது. வேர் முழு நீளம் அடைந்து நுனி மூடுவதற்குச் சுமார் பத்து வயது ஆகிவிடும். இடையில் அடிபட்டுப் பற்கூழ் செத்துப்போனால் வேர் பாதி வளர்ச்சியில் நின்றுவிடும். சுவர் மெலிந்தது, நுனி புனல்போல் விரிந்தது. அந்தத் திறந்த வாய்க்குக் கீழே, வேரைக் கட்டிக்கொண்டிருந்த இளந்திசு பல சமயம் சீழுக்கு நடுவிலும் உயிரோடு இருக்கும். அதில் ஸ்டெம் செல்கள் உண்டு. பற்கூழில் அத்தகைய செல்கள் இருப்பதை ஸ்டான் குரோன்தாசும் சோங்டாவ் ஷியும் குழுவினரும் 2000இல் காட்டினார்கள். வேர்நுனித் திசுவில் இருப்பவை அடுத்த சில ஆண்டுகளில் அடையாளம் காணப்பட்டன.

அந்தச் செல்களைக் கால்வாய்க்குள் அழைத்து வந்து வேரின் வளர்ச்சியைத் தொடரச் செய்ய முடியுமா என்று நார்வேயின் நீகோர்-ஓஸ்ட்பி 1961லேயே யோசித்தார். வேர்நுனியைக் கருவியால் தீண்டி ரத்தம் கசியவைத்து, அந்த உறைவைத் திசு வளர்வதற்கான தளமாக்கிப் பார்த்தார். முழு வெற்றி கிட்டவில்லை. 2001இல் ஜப்பானிலிருந்து ஒரு நோயாளியின் கதை வந்தது. 2004இல் பாங்க்ஸ், ட்ரோப் இருவரும் 11 வயதுச் சிறுவன் ஒருவனின் கீழ் முன்கடைவாய்ப் பல்லைப் பற்றி எழுதினார்கள். கால்வாயை ஹைப்போகுளோரைட்டால் கழுவி, மூன்று ஆன்டிபயாட்டிக் கலந்த பசையை வைத்து, சில வாரம் கழித்து ரத்தத்தை வரவழைத்து மேலே அடைத்தார்கள். இரண்டு ஆண்டில் வேர்ச் சுவர் தடித்து நுனி மூடியது. எக்ஸ்ரே படங்கள் உலகம் சுற்றின. அவர்கள் பயன்படுத்திய ஹைப்போகுளோரைட்டின் செறிவு 5.25 சதவீதம். கூடவே குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும். இன்றைய விதிப்படி இரண்டுமே கூடாதவை. ஒரே ஒரு பல்லின் வெற்றியை வைத்து விதி எழுதக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

கூடாது என்று எப்படித் தெரிந்தது? டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் சான் அந்தோனியோ மருத்துவ மையத்தில் நடந்த ஆய்வுகளுக்கு இதில் பெரிய பங்குண்டு. செல்கள் மேல் நேரடியாக மருந்தை ஊற்றினால் அவை சாகும், அதைச் சொல்ல ஆய்வு வேண்டாம். அவர்கள் வேறு கேள்வி கேட்டார்கள். மருந்தால் கழுவி, மருந்தை வெளியேற்றிய பிறகு, அந்த டென்டின் சுவருக்குள் குடியேறும் செல்கள் பிழைக்கின்றனவா? பிடுங்கிய மனிதப் பற்களின் வேர்களை ஒரே அளவில் வெட்டி, வெவ்வேறு முறையில் கழுவி, உள்ளே வேர்நுனி ஸ்டெம் செல்களை வைத்து வளர்த்தார்கள்.

2011இல் வந்த முடிவு பலரைத் திடுக்கிட வைத்தது. கால்சியத்தை இழுக்கும் ஈடிடிஏ என்ற கரைசலால் மட்டும் கழுவிய வேரில் பத்தில் ஒன்பது செல்கள் உயிரோடு இருந்தன. 6 சதவீத ஹைப்போகுளோரைட்டையும் ஈடிடிஏவையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில் நான்கில் மூன்று. 2 சதவீத குளோர்ஹெக்சிடின் சேர்ந்த முறைகளில் உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லை.

குளோர்ஹெக்சிடின் மென்மையானது என்று பெயர் வாங்கிய மருந்து. இங்கிலாந்தின் ஐசிஐ நிறுவனத்தில் 1950களில் பிறந்தது. 1970இல் டென்மார்க்கின் லோவும் ஷோட்டும் 0.2 சதவீதக் கரைசலால் நாளுக்கு இருமுறை வாய் கொப்பளித்தால் பல் துலக்காமலே பல்லில் படலம் சேராது என்று காட்டினார்கள். மருந்துக்கடையில் இன்று வாங்கும் வாய்க் கொப்பளிப்பு நீர்களில் பல அந்த வழி வந்தவை. அதன் பெருமையே ஒட்டிக்கொள்வது. பல்லிலும் ஈறிலும் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். ஈறுக்கு மேலே அது வரம். வேருக்குள்ளே அதுவே சாபம். ஊறுகாய் இருந்த ஜாடியை எத்தனை முறை கழுவினாலும் நெடி போகாததுபோல, டென்டினின் நுண்துளைகளில் தங்கிய மருந்து பின்னால் வரும் செல்களைத் தாக்கிக்கொண்டே இருக்கிறது. இன்னொரு தொல்லையும் உண்டு. ஹைப்போகுளோரைட்டோடு அது கலந்தால் பழுப்பு நிற வண்டல் உண்டாகி நுண்துளைகளை அடைக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துவோர் இடையே உப்புநீரால் கழுவச் சொல்வது இதனால்தான்.

2014இல் சான் அந்தோனியோவிலிருந்து வந்த அடுத்த ஆய்வு ஹைப்போகுளோரைட்டின் செறிவை 0.5, 1.5, 3, 6 என்று படிப்படியாகப் பார்த்தது. 6 சதவீதத்தில் கழுவிய டென்டினில் செல்கள் குறைந்தன. எஞ்சியவையும் பல்திசுவைக் கட்டும் செல்லாக மாறுவதற்கான அடையாளப் புரதத்தைக் குறைவாகவே காட்டின. 1.5 சதவீதத்தில் அந்த அடையாளம் நன்றாக இருந்தது. கடைசியில் ஈடிடிஏவால் கழுவினால் ஹைப்போகுளோரைட் செய்த கெடுதியில் ஒரு பகுதி நீங்கியது.

ஈடிடிஏ கிருமியைக் கொல்வதில் கெட்டிக்காரன் இல்லை. கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் வேதிப்பொருள் அது. குறுகிய கால்வாயைச் சற்று இளக்குவதற்காக 1957இல் பல் மருத்துவத்துக்கு அதைக் கொண்டுவந்தவர், நான்கு ஆண்டு கழித்து ரத்த உறைவைச் சோதித்த அதே நீகோர்-ஓஸ்ட்பி. தம்முடைய இரு முயற்சிகளும் அரை நூற்றாண்டு கழித்து ஒரே சிகிச்சையில் சந்திக்கும் என்று அவர் நினைத்திருக்க வழியில்லை. டென்டின் உருவாகும் காலத்தில் அதற்குள் சிறைப்பட்ட வளர்ச்சிக் காரணிகள் உண்டு. ஈடிடிஏ சுவரின் மேல்படலத்திலிருந்து கால்சியத்தை நீக்கும்போது அவை வெளியே வருகின்றன. செல்களை அழைக்கவும் வேலையில் இறக்கவும் அவை உதவுகின்றன.

இந்த அறிவெல்லாம் சேர்ந்து அமெரிக்க வேர் சிகிச்சையாளர் சங்கத்தின் வழிகாட்டலில் எண்களாக இருக்கிறது. முதல் நாள் 1.5 சதவீத ஹைப்போகுளோரைட், ஒரு கால்வாய்க்கு 20 மில்லிலிட்டர், ஐந்து நிமிடம். ஊசிமுனை வேர்நுனிக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் முன்பே நிற்க வேண்டும். பிறகு உப்புநீர் அல்லது ஈடிடிஏ. உள்ளே கால்சியம் ஹைட்ராக்சைடோ, மிக நீர்த்த ஆன்டிபயாட்டிக்கோ வைத்து மூடிச் சில வாரம் காத்திருக்க வேண்டும். அடுத்த முறை ஹைப்போகுளோரைட்டையே எடுப்பதில்லை, 17 சதவீத ஈடிடிஏ மட்டும். மரத்துப்போகச் செய்யும் ஊசியில்கூட ஒரு நுணுக்கம். ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலின் சேராத மருந்தே வேண்டும், இல்லாவிட்டால் வேர்நுனியைத் தீண்டினாலும் ரத்தம் ஏறி வராது. செறிவைக் குறைத்து, அளவைக் கூட்டி, நேரம் கொடுக்கும் இந்த முறையில் கோம்பியேனின் ரப்பர் குழாய்களின் சாயல் தெரிகிறது.

ஆன்டிபயாட்டிக் பசைக்கும் இதே தணிக்கை நடந்தது. ஆரம்பத்தில் கட்டியான களிம்பாகவே வைத்தார்கள். அந்தச் செறிவில் ஸ்டெம் செல்கள் மாள்வது 2012இல் தெரிந்தபின், மில்லிலிட்டருக்குச் சில மில்லிகிராம் அல்லது அதற்கும் கீழே இறங்கியது. மூன்றில் ஒன்றான மினோசைக்ளின் முன்பல்லைக் கருக்கவைத்ததால் பலர் அதை விட்டேவிட்டார்கள்.

செல்லுக்கு இரங்கிக் கிருமியை விட்டுவைக்கும் ஆபத்தும் சிறிதல்ல. விலங்குகளில் செய்த சோதனையில், கால்வாய்ச் சுவரில் பாக்டீரியா எஞ்சிய பற்களில் வேர் வளர்ச்சி தடைப்பட்டது. மெலிந்த சுவரைக் கருவியால் சுரண்டவும் முடியாது, ஆகவே கழுவுநீரையே நம்பியாக வேண்டும். எல்லாம் சரியாக நடந்தாலும் உள்ளே வளர்வது பெரும்பாலும் அசல் பற்கூழ் அல்ல. எலும்பையும் வேர்மேல் பூச்சான சிமெண்டத்தையும் ஒத்த திசுவையே நுண்ணோக்கியில் அதிகம் பார்த்திருக்கிறார்கள். புண் ஆறுகிறது, பல் வாயில் நிற்கிறது. மீளுருவாக்கம் என்ற பெரிய சொல்லுக்கு அது போதுமா என்பது என் சந்தேகம்.

இனி ஒரு முரண். சொத்தையைக் குடையும்போது உயிருள்ள பற்கூழ் திறந்துகொண்டால், அதே ஹைப்போகுளோரைட்டில் நனைத்த பஞ்சை அதன் மேலேயே வைக்கிறார்கள். ஐரோப்பிய வேர் சிகிச்சைச் சங்கத்தின் 2019 அறிக்கை அதை ஏற்கிறது. செல்லைக் கொல்லும் மருந்து இங்கே எப்படி மன்னிக்கப்படுகிறது? இங்கே செல்கள் தனித்து நிற்கவில்லை. ரத்த ஓட்டமும் புரதமும் உள்ள முழுத் திசு, மேல்படலத்தைப் பலி கொடுத்து மருந்தைச் செலவழித்துவிடுகிறது. சில நிமிடம் கழித்துப் பஞ்சை எடுத்தால், ஆரோக்கியமான கூழில் ரத்தம் நின்றிருக்கும். நிற்காவிட்டால் அழற்சி இன்னும் ஆழத்தில் இருக்கிறது என்று பொருள். ஆகக் கழுவுநீர் சோதனைக் கருவியாகவும் ஆகிறது.

கிருமிநாசினியே கூடாத இடமும் உண்டு. அடிபட்டு வேரோடு கழன்று விழுந்த நிலைப்பல்லின் வேர்மேல், அதை எலும்போடு கட்டியிருந்த இழைகளின் செல்கள் ஒட்டியிருக்கும். பல் மீண்டும் பொருந்துவது அவற்றின் தயவில். மண் பட்டதே என்று டெட்டால் ஊற்றித் தேய்த்தால் அத்தனையும் போயிற்று. மேல்பகுதியைப் பிடித்துத் தூக்கி, பால், உப்புநீர், எச்சில் இவற்றில் ஒன்றால் மெதுவாக அலசி, உடனே குழியில் பொருத்தச் சொல்கிறது பல் விபத்து மருத்துவர்களின் சர்வதேச அமைப்பு 2020இல் வெளியிட்ட வழிகாட்டல். முடியாவிட்டால் பாலில் போட்டு எடுத்து ஓட வேண்டும். உலர்ந்த நிலையில் ஒரு மணி நேரம் கடந்தால் அந்தச் செல்கள் பிழைக்க வாய்ப்பில்லை. சென்னையிலிருந்து 2008இல் வந்த ஆய்வு ஒன்று இளநீரும் அவற்றை நன்றாகக் காக்கிறது என்றது. பிரேசிலில் பார்த்தபோது இளநீரின் புளிப்புத்தன்மை பாதகமாகத் தெரிந்தது. பால் கிடைக்கும் இடத்தில் பாலே மேல். விழுந்தது பால்பல்லாக இருந்தால் பொருத்தவே கூடாது. அடியில் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லுக்கு அது ஊறு செய்யும்.